பெயரைக் காக்க ஒரு வக்கீல்

என் பெரியம்மா மகள் மதுரையில் பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, கறிவேப்பிலைப்பொடி அரைத்து விற்கிறார். 2016-இல் வீட்டு மாடியில் ஒரே ஒரு மிக்சியோடு தொடங்கிய தொழில். இன்று நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். பாக்கெட்டில் இருக்கும் பெயர், ஊரார் எங்கள் பெரியம்மாவைக் கூப்பிட்ட செல்லப்பெயர்.

2022-இல் அந்தப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய அக்கா ஆசைப்பட்டார். செல்போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, மிகக் குறைந்த கட்டணம் கேட்ட ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டினார். விண்ணப்பம் போனது. டிரேட்மார்க் இதழிலும் வெளியானது. 2023-இல் வேறு மாவட்டத்து நிறுவனம் ஒன்று எதிர்ப்பு மனு போட்டது. அதன் நகல் ஏஜென்சியின் மின்னஞ்சலுக்குப் போனது. அக்காவின் மின்னஞ்சல் முகவரி விண்ணப்பத்தில் இல்லவே இல்லை. எதிர்ப்பு கைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் பதிலுரை கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே சட்டம் கருதும். ஏஜென்சியில் யாரும் அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று அக்கா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு சரியான வக்கீலைத் தேடி நானும் அவரும் சில மாதங்கள் அலைந்தோம். அந்த அலைச்சலில் கற்றதை, அடுத்து தேடப்போகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: உங்களுக்கு வேண்டியது எந்த உரிமை?

“பேட்டன்ட் வாங்கணும்” என்றுதான் கடைவீதியில் எல்லாரும் சொல்கிறார்கள். பொடிக்கடைப் பெயருக்கும் பேட்டன்ட், லோகோவுக்கும் பேட்டன்ட். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, அலுவலகம் வேறு, அதில் கைதேர்ந்த ஆளும் வேறு. இதைப் பிரித்துக்கொண்டால் தேடல் பாதியாகக் குறையும்.

கடைப்பெயர், பொருளின் பெயர், லோகோ ஆகியவை டிரேட்மார்க். 1999-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு பத்து ஆண்டுகளுக்கு நிற்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். புதிய இயந்திரமோ, புதிய செய்முறையோ கண்டுபிடித்திருந்தால் அது காப்புரிமை, அதாவது பேட்டன்ட். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். பாட்டிலின் உருவம், சேலையின் கரை வடிவம் போன்ற கண்ணுக்குத் தெரியும் வடிவமைப்புக்கு டிசைன் பதிவு. முதலில் பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்து. லேபிளில் வரைந்த படமும் எழுதிய வாசகமும் காப்பிரைட் சட்டத்தில் வரும்.

ஊர்ப்பெயரால் அறியப்படும் பொருள் என்றால் புவிசார் குறியீடு. மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இலும் அது கிடைத்தது. மணப்பாறையில் முறுக்கு சுடும் ஒருவர் “மணப்பாறை முறுக்கு” என்பதைத் தன் தனி டிரேட்மார்க்காக்க ஒரு வக்கீலுக்குச் செலவழித்தால் அது வீண். அவர் செய்ய வேண்டியது அந்தக் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்வதும், தன் கடைக்கென்று இருக்கும் தனிப்பெயருக்கு டிரேட்மார்க் கேட்பதும்தான்.

காப்புரிமை பற்றி ஒரு எச்சரிக்கை. கண்டுபிடிப்பைக் கண்காட்சியில் வைத்துவிட்டு, யூடியூபில் போட்டுவிட்டு வக்கீலிடம் போனால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஏற்கெனவே வெளியே தெரிந்த ஒன்றைப் புதியது என்று சட்டம் ஒப்புக்கொள்ளாது. முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு ஊருக்குக் காட்டுங்கள்.

இரண்டாம் படி: காகிதங்களை ஒரு கோப்பில் சேருங்கள்

வக்கீலைப் பார்க்கப் போகும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நம் நாட்டில் பெயருக்கு முதலில் விண்ணப்பித்தவரைவிட, அந்தப் பெயரை முதலில் பயன்படுத்தத் தொடங்கியவருக்கு வலு அதிகம். இன்னொருவர் பதிவே செய்து வைத்திருந்தாலும், அவருடைய பயன்பாட்டுக்கும் அவருடைய பதிவுக்கும் முன்பிருந்தே நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தி வந்தால் உங்களைத் தடுக்க முடியாது என்று டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

அக்காவிடம் என்ன இருந்தது? சிவகாசி அச்சகத்தில் முதன்முதலாக லேபிள் அடித்த பில். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று. பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்குப் போட்ட கையெழுத்து பில் புத்தகம். மகளிர் குழுக் கண்காட்சியில் மேசை எடுத்த ரசீது. இவற்றை ஆண்டு வாரியாக அடுக்கினோம். பிறகு வருடாந்திர விற்பனைக் கணக்கை ஆடிட்டரிடம் வாங்கினோம். பழைய தேதியைக் காட்டி உரிமை கோரினால் பிரமாணப் பத்திரமும் ஆதாரங்களும் விண்ணப்பத்தோடு போக வேண்டும் என்பதால், இந்தக் கோப்பு எந்த வக்கீலிடம் போனாலும் வேண்டியதுதான்.

லோகோ வரைந்தவரையும் மறக்காதீர்கள். டிடிபி கடைக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் படத்தின் காப்பிரைட் உங்களுக்கு வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதிலும் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: பெயரை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள்

மத்திய அரசின் அறிவுசார் சொத்துரிமை அலுவலக இணையதளத்தில் டிரேட்மார்க் பதிவேட்டைப் பணம் கொடுக்காமல் யாரும் பார்க்கலாம். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மசாலா, மாவு, காபித்தூள் 30-ஆம் வகுப்பு. ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29. துணிமணி 25. ஹோட்டல் 43. உங்கள் வகுப்பில் உங்கள் பெயரையும், அதேபோல ஒலிக்கும் பெயர்களையும் தேடுங்கள். தமிழ்ப்பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், நாலையும் போட்டுப் பாருங்கள்.

பெயரின் தன்மையையும் யோசியுங்கள். “சுத்தமான”, “ருசியான” போன்ற, பொருளின் குணத்தையே சொல்லும் சொற்களை ஒருவர் தனக்கென்று வேலி போட்டுக்கொள்ள முடியாது. நூடுல்ஸ் பாக்கெட்டில் “மேஜிக் மசாலா” என்ற பெயருக்காக ஐடிசி நிறுவனம் நெஸ்லே மீது போட்ட வழக்கில், அது பொருளைப் புகழும் சொல், ஒருவருக்கு மட்டும் உரியதல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கிடைக்காதது நமக்கும் கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்டு போனால், “எந்தப் பெயரும் கிடைக்கும், பணத்தைக் கட்டுங்க” என்று சொல்பவரை உடனே அடையாளம் காணலாம்.

நான்காம் படி: யார் எந்த வேலையைச் செய்ய முடியும்?

டிரேட்மார்க் விண்ணப்பத்தை உரிமையாளரே நேரடியாகக் கொடுக்கலாம். வெளியாள் ஒருவர் வழியாகக் கொடுப்பதானால் அவர் வக்கீலாகவோ, பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்டாகவோ இருக்க வேண்டும். காப்புரிமைக்கு பேட்டன்ட் ஏஜென்ட் என்ற தனிப் பதிவு உண்டு. அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் பெற்று, அரசு நடத்தும் தேர்வில் தேறியவர்கள் அவர்கள். உங்கள் இயந்திரத்தைப் புரிந்துகொண்டு எழுத, அந்தத் துறை படித்த ஏஜென்ட்தான் சரியான ஆள். சட்டப்பட்டம் இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆனால் நீதிமன்றத்தில் வாதாட வக்கீலால் மட்டுமே முடியும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லாதிருக்கும் கடமை வக்கீலுக்குச் சட்டப்படியே இருக்கிறது. வக்கீல் அல்லாத ஆலோசகரிடம் செய்முறையைச் சொல்லும் முன் ரகசிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பெயர்ப்பட்டியல் எங்கே கிடைக்கும்?

இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. பெயர், முகவரி, பதிவு எண், எந்தத் துறையில் பணி என்ற அளவில் இணையதளம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இணைய சந்தைகளில் வக்கீல்கள் விளம்பரம் செய்வதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே செல்போனில் ஓயாமல் வரும் விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் அனுப்பாதீர்கள். நாங்கள் செய்த முதல் தவறு அதுதான்.

எங்களுக்கு வழி காட்டியது மூன்றாம் படியில் சொன்ன அரசுப் பதிவேடுதான். உங்களைப் போன்ற தொழில் செய்கிற, உங்கள் பகுதியில் நல்ல பெயரெடுத்த ஐந்தாறு கடைகளின் டிரேட்மார்க்கைப் பதிவேட்டில் எடுங்கள். விண்ணப்ப எண்ணைப் போட்டால் அதைக் கையாண்ட வக்கீல் அல்லது ஏஜென்டின் பெயரும் வரும். அதோடு நிற்காமல், டிரேட்மார்க் அலுவலகப் பரிசோதகர் எழுப்பிய ஆட்சேபத்தையும் அதற்குக் கொடுத்த பதிலையும் திறந்து படியுங்கள். ஒருவர் எல்லாக் கடைக்கும் பெயரை மட்டும் மாற்றி ஒரே பதிலை அனுப்பியிருப்பார். இன்னொருவர் அந்தக் கடையின் வரலாற்றையும் பில்லையும் காட்டி எழுதியிருப்பார். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் படித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு வக்கீலின் வேலையை அவரைப் பார்க்கும் முன்பே இப்படிப் பார்க்க முடிவது பெரிய வசதி.

வழக்கு வரை போகக்கூடிய விஷயம் என்றால் தீர்ப்புகளையும் பாருங்கள். முன்பு மேல்முறையீடுகளை விசாரித்த தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டது. அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு 2023-இல் தொடங்கியது. அங்கே வரும் தீர்ப்புகளில் இரு தரப்பு வக்கீல்களின் பெயரும் இருக்கும்.

உங்கள் ஆடிட்டர், சிறுதொழில் சங்கம், மாவட்டத் தொழில் மையம் ஆகியோரிடமும் கேளுங்கள். ஸ்டார்ட்அப்பாக மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றிருந்தால், அரசு நியமித்த உதவியாளர் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அவருடைய ஊதியத்தை அரசே கொடுக்கும், அலுவலகக் கட்டணத்தை மட்டும் நீங்கள் கட்டினால் போதும்.

ஆறாம் படி: சென்னையா, உள்ளூரா?

தமிழ்நாட்டுக்கான டிரேட்மார்க் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அதனால் சென்னை வக்கீல்தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விண்ணப்பம் இணையத்தில் போகிறது. ஆட்சேபத்தின் மீதான விசாரணையும் இப்போது காணொலியில் நடக்கிறது. ஆகவே மதுரையிலோ கோவையிலோ இருக்கும் வக்கீலும் அதைச் செய்யலாம். பதிவு செய்த பெயரை யாராவது திருடினால், நீங்கள் தொழில் நடத்தும் ஊரின் எல்லைக்குட்பட்ட மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடும் வசதியைச் சட்டம் தந்திருக்கிறது. அதற்குக் கீழான நீதிமன்றத்தில் போட முடியாது. அடிக்கடி நேரில் உட்கார்ந்து பேச முடிகிற ஆள் சிறுதொழிலுக்கு நல்லது. மேல்முறையீடு, பதிவை நீக்கும் மனு என்று போனால் சென்னையில் பழகியவர் துணை வேண்டும். உள்ளூர் வக்கீலுக்கு அப்படி ஒருவரோடு தொடர்பு இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: முதல் சந்திப்பு

மூன்று பேரை நேரில் பார்த்தோம். முதலாமவர் பத்து நிமிடத்தில், “ஆறு மாசத்துல சர்ட்டிபிகேட் கையில இருக்கும்” என்றார். இரண்டாமவர் நில வழக்குகளில் பெரிய ஆள், “இதையும் பார்த்துக்கலாம்” என்றார். மூன்றாமவர் ஒரு பெண் வக்கீல். எங்களைப் பேசவிட்டு, பிறகு கேட்டார்: “முதல் பாக்கெட்ட எப்பம்மா வித்தீங்க? அதுக்கு ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கா?” அக்கா கோப்பை நீட்டினார். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு பில் இல்லாததைச் சுட்டிக்காட்டினார். “எதிர்த்தரப்பு இதைத்தான் பிடிக்கும். வாங்கின கடைக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க” என்றார். ஜெயிப்போம் என்று அவர் சொல்லவில்லை. எங்கே பலம், எங்கே ஓட்டை என்று சொன்னார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அக்கா முடிவு செய்துவிட்டார்.

நல்ல வக்கீலை அவர் தரும் வாக்குறுதியைவிட அவர் கேட்கும் கேள்வியால் அறியலாம் என்பதே என் அனுபவம். நீங்களும் சிலவற்றைக் கேட்க வேண்டும்.

பார் கவுன்சில் பதிவு எண் என்ன? ஏஜென்ட் என்றால் ஏஜென்ட் எண் என்ன? எதிர்ப்பு மனு வரை கொண்டுபோன விஷயங்கள் எத்தனை? எதிர்த்தரப்புக்கோ, இதே பொருள் விற்கும் வேறு கடைக்கோ வேலை செய்கிறீர்களா? என் கோப்பைப் பார்க்கப்போவது நீங்களா, உங்கள் ஜூனியரா? அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் எத்தனை நாளில் எனக்குச் சொல்வீர்கள்? இவற்றைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. நல்ல வக்கீல்கள் இதற்குச் சந்தோஷமாகவே பதில் சொல்கிறார்கள்.

எட்டாம் படி: கட்டணத்தைப் பிரித்து எழுதி வாங்குங்கள்

அரசுக்குப் போகும் பணம் வேறு, வக்கீல் ஊதியம் வேறு. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு இணைய வழி டிரேட்மார்க் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் பதிவுச் சான்று வேண்டும். அது இல்லாததால் இரட்டிப்பாகக் கட்டியவர்கள் உண்டு.

“மொத்தமா இவ்வளவு” என்று சொன்னால், அதில் எந்தக் கட்டம் வரை அடங்கும் என்று கேளுங்கள். பெயர்த் தேடல், விண்ணப்பம், ஆட்சேபத்துக்குப் பதில், விசாரணை, எதிர்ப்பு மனு என்று கட்டங்கள் தனித்தனி. மலிவான விளம்பரக் கட்டணம் பெரும்பாலும் விண்ணப்பத்தோடு முடிந்துவிடும். வழக்கின் முடிவைப் பொறுத்து ஊதியம், ஜெயித்தால் பங்கு என்று பேசுவது வக்கீல் தொழில் விதிகளுக்கு விரோதம். அப்படிப் பேசுபவரிடமிருந்து விலகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

ஒன்பதாம் படி: ஒப்படைத்த பிறகும் கண் உங்களுடையதாக இருக்கட்டும்

விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயர் யாருடையது என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் அதில் இருக்க வேண்டும். விண்ணப்ப எண்ணை அன்றே வாங்கி எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள்.

மூன்று கெடுக்களை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். ஆட்சேப அறிக்கை கைக்கு வந்தால் 30 நாளில் பதில். இதழில் வெளியானால் நான்கு மாதம் வரை யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்தால் இரண்டு மாதத்தில் பதிலுரை. இடையில் அரசுக் கடிதம் போலவே அச்சடித்து, வெளியீட்டுக் கட்டணம் கட்டச் சொல்லி யாராவது எழுதினால் வக்கீலைக் கேட்காமல் கட்டாதீர்கள். பதிவு கிடைக்கும் வரை வட்டத்துக்குள் ஆர் எழுத்துப் போட்ட முத்திரையை லேபிளில் அச்சிடாதீர்கள், அதைச் சட்டம் அனுமதிக்காது. டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம்.

வக்கீல் தொலைபேசியை எடுப்பதே இல்லை, கெடு தவறுகிறது என்றால் மாற்றிவிடுங்கள். புதியவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தால் போதும். நீதிமன்ற வழக்கானால் பழையவரின் ஒப்புதலோடு வக்காலத்தை மாற்றுவது முறை.

பத்தாம் படி: நோட்டீஸ் வந்துவிட்டால்

“எங்கள் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள், நிறுத்துங்கள்” என்று ஒரு நாள் பதிவுத் தபால் வரலாம். பயந்து உடனே லேபிளை மாற்றாதீர்கள். கோபத்தில் நீங்களே பதிலும் எழுதாதீர்கள். அதில் எழுதும் ஒரு வரி பிறகு உங்களுக்கு எதிராகவே நிற்கும். உறையோடு பத்திரப்படுத்தி, வந்த தேதியை எழுதி, கோப்போடு வக்கீலிடம் போங்கள். எதிராளி அவசரத் தடை கேட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலேகூட இடைக்கால உத்தரவு வர வாய்ப்புண்டு. அந்த நேரத்தில் ஆள் தேடுவது மிகக் கடினம். அமைதியாக இருக்கும்போதே ஒரு வக்கீலைத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

அக்கா 2024-இல் மறுபடி விண்ணப்பித்தார், இந்த முறை 2016 என்ற தேதியோடும் ஆதாரங்களோடும். எதிர்பார்த்தபடியே அதே நிறுவனம் மறுபடி எதிர்த்தது. மின்னஞ்சல் வந்த அன்றே அக்காவின் செல்போனிலும் மணி அடித்தது. இருபதாவது நாளில் பதிலுரை போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை, வர நாளாகும்.

போன மாதம் அக்கா முருங்கைக்கீரைப் பொடி ஒன்று புதிதாகப் போட்டார். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். சிவகாசியிலிருந்து லேபிள் கட்டு வந்து இறங்கியதும், பாக்கெட் ஒட்ட உட்கார்ந்த பெண்களை “கொஞ்சம் பொறுங்க” என்று நிறுத்தினார். அச்சகத்து பில்லை எடுத்து, தேதியைச் சரிபார்த்து, பீரோவில் இருக்கும் கோப்பில் கோத்து வைத்த பிறகுதான் முதல் பாக்கெட்டை ஒட்டச் சொன்னார்.